எல்லாம் இலவசம் என்றால் பையன் ஏன் படிப்பில் பின்தங்குகிறான்?

"அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் அரசே தருகிறது. அப்புறமும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினால் வறுமையையே காரணம் காட்டுவது சாக்கு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உங்கள் ஊரில் ஒரு கூலி வீட்டுப் பையன் மூன்றாம் வகுப்பு படிப்பதாகவும், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுவதாகவும், அவனுக்கு ஏதாவது செய்ய நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு நீளமாகவும், இரண்டாவதற்குக் கடைசியில் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

சாக்கு இல்லை. வறுமை என்றதும் நமக்குப் பீஸ் கட்ட முடியாத வீடுதான் நினைவுக்கு வருகிறது. பீஸை எடுத்துவிட்டால் வறுமை பள்ளி வாசலோடு நின்றுவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். சில வருடம் மாலை வகுப்பு எடுத்ததில் கண்டதையும், இது பற்றிய ஆய்வுகளில் படித்ததையும் சேர்த்துச் சொன்னால், பீஸ் இதில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு, பையன் ஒன்றாம் வகுப்பில் உட்காருவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே நடந்து முடிந்திருக்கும். மிச்சம், அவன் வகுப்பில் இருக்கும்போதும் இல்லாதபோதும் சில்லறை சில்லறையாக நடந்துகொண்டே இருக்கும்.

இதை ஊகமாக இல்லாமல் சொல்ல முடிவதற்கு 'யங் லைவ்ஸ்' என்ற ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்துவது. 2002இல் எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், அப்போதைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் ஆகிய நான்கு இடங்களில் சுமார் 12,000 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அதே பிள்ளைகளை இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து வந்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் 2001-02இல் பிறந்தது, இன்னொன்று 1994-95இல் பிறந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கே போய், உயரம், எடை, வீட்டில் என்னென்ன இருக்கிறது, பிள்ளையின் பொழுது எதில் போகிறது, கணக்கு எவ்வளவு வருகிறது, தன்னைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்றெல்லாம் பதிவு செய்தார்கள். பத்து வயதில் ஒரே ஒருமுறை பார்த்தால் 'மந்தமான பையன்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். ஒரு வயதிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த மந்தம் எங்கே ஆரம்பித்தது என்று தெரியும்.

முதலில் உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிப்பைக் கேட்டால் இவன் உயரத்தைப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். அப்பா அம்மா குள்ளம், அதனால் பிள்ளையும் குள்ளம் என்கிற சங்கதி இல்லை இது. வயதுக்கு ஏற்ற உயரம் எவ்வளவு என்று உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதில் குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றிய குழந்தை என்று கணக்கு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேர் இப்படி இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். கர்ப்பத்தில் தாய்க்குச் சத்துக் குறைவு, மாதம் ஒருமுறை வயிற்றுப்போக்கு, கலங்கல் தண்ணீர், ஆறு மாதத்துக்குப் பிறகும் நீர்த்த கஞ்சி, இவை எல்லாம் கூட்டிக் கழித்து வருகிற விடைதான் அந்த உயரம். எலும்பு வளராமல் போன அதே மாதங்களில்தான் மூளையும் வேகமாக வளர வேண்டியிருந்தது. மூளையை அங்கன்வாடியில் அளக்க முடியாது. அதனால் உயரத்தை அளக்கிறார்கள்.

யங் லைவ்ஸ் பிள்ளைகளில் ஒரு வயதில் வளர்ச்சி குன்றியிருந்தவர்கள், பள்ளி வயதில் கணக்கிலும் சொல் அறிவிலும் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். எனக்கு அதைவிட உறைத்தது இன்னொன்று. ஏழெட்டு வயதில் உயரம் குறைவாக இருந்தவர்கள், பதினொன்று பன்னிரண்டு வயதில் தன்மதிப்பிலும் குறைவாக இருந்தார்கள். மற்றவர்கள் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் தான் சிறியவன் என்று தெரிகிற பிள்ளை, மனசிலும் கொஞ்சம் சிறியதாகிவிடுகிறது போலிருக்கிறது. நல்ல சேதியும் உண்டு. ஒரு வயதில் குன்றியிருந்தவர்களில் கணிசமானோர் எட்டு வயதுக்குள் ஓரளவு மீண்டார்கள், மீண்டவர்கள் மீளாதவர்களைவிடப் படிப்பிலும் மேலே இருந்தார்கள். ஆகவே 'ரெண்டு வயசோட எல்லாம் முடிஞ்சு போச்சு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, சின்ன வயதில் சரியாகக் கொடுத்தால் பெரியவனான பிறகு வித்தியாசம் தெரியுமா? இதற்கு இரண்டு பழைய சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்தது. இரண்டு கிராமங்களில் 'அத்தோலே' என்ற, பால்பவுடர் கலந்த சத்துக்கஞ்சி கொடுத்தார்கள். மற்ற இரண்டில் 'ஃபிரெஸ்கோ' என்ற, புரதம் இல்லாத இனிப்புப் பானம். முப்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தால், பிறந்து முதல் இரண்டு வருடம் அந்தக் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி 46 சதவீதம் அதிகம். மூன்று வயதுக்குப் பிறகு மட்டும் கிடைத்தவர்களிடம் இந்த ஏற்றம் தெரியவில்லை. பெண்களுக்குக் கூலியில் அப்படி எதுவும் காணோம், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். படித்தும் பெண்ணின் கூலி ஏறாதது கஞ்சியின் குற்றமில்லை, அது வேறு கதை.

இன்னொன்று ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகளில், 1986-87இல் ஆரம்பித்தது. ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். சிலருக்குப் பால்பவுடர் மட்டும். சிலருக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுப்பார். ஒரு மணி நேரம், இரண்டு வருடம், வீட்டிலேயே செய்த பொம்மைகள், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து, அந்த விளையாட்டுக் கூட்டத்தின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். வளர்ச்சி குன்றாத பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். பால்பவுடர் மட்டும் வாங்கியவர்களிடம் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. விடிகாலை வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிற அம்மா குழந்தையிடம் எவ்வளவு நேரம் பேச முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சும் ஒரு தீனிதான், அதற்கும் கையில் பொழுது வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2002-03இல் ஆந்திராவில் கடும் வறட்சி. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள்தான் யங் லைவ்ஸின் சின்னக் கூட்டம். வறட்சி பட்ட வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சியில் அடி விழுந்திருந்தது. ஆனால் பிறகு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டவர்களிடம் அந்த இழப்பு பெருமளவு ஈடாகியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். எல்லா அரசுப் பள்ளிகளிலும் சமைத்த சாப்பாடு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று உத்தரவு போட்டதற்குப் பின்னால்தான் ஆந்திராவில் அந்தச் சாப்பாடு பெரிய அளவில் வந்தது. தமிழ்நாட்டில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920இலேயே ஆரம்பித்தது, காமராஜர் 1956இல் விரித்தார், எம்.ஜி.ஆர். 1982இல் இன்னும் பெரிதாக்கினார். ஓட்டுக்காகக் காசைக் கரைக்கிறார் என்று அப்போது கேலி செய்தவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. 2022இல் காலை உணவு வந்தபோதும் அதே பேச்சு. காலை ஒன்பதரைக்கு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். தூங்கமாட்டான், அழமாட்டான், பலகையைப் பார்த்தபடியே எங்கோ இருப்பான்.

சாப்பாடு போட்டாயிற்று. அடுத்து, நாள்கள். நீங்கள் சொன்ன இலவசப் பட்டியலில் இல்லாதது இதுதான்.

ஆந்திரா, தெலங்கானாவில் கர்நூல், மகபூப்நகர் பக்கம் வீரிய ஒட்டுப் பருத்தி விதை உற்பத்தி உண்டு. அது எப்படி நடக்கிறது தெரியுமா? பிற்பகலில் செடி செடியாகப் போய், மறுநாள் விரியப்போகிற மொட்டைத் தேடி, இதழையும் மகரந்தம் இருக்கிற பகுதியையும் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் மெல்லிய தண்டு ஒடியக்கூடாது. மறுநாள் காலை ஆண் செடியின் பூவைப் பறித்து வந்து, முந்தின நாள் கிள்ளிவைத்த ஒவ்வொரு மொட்டின் தண்டு நுனியிலும் தேய்க்க வேண்டும். ஒரு பூ, அப்புறம் அடுத்த பூ. பூக்கள் காத்திருக்காது, இன்றைக்கு விட்டால் போச்சு. மழைக்காலத்தில் ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் இதே வேலை. சின்ன விரல்தான் இதற்கு லாயக்கு, செடியும் பிள்ளைகள் உயரம்தான் என்று காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் கூலி குறைவு. யங் லைவ்ஸ் ஆய்வில் இருந்த சில கிராமங்களில் இந்த மாதங்களில் பிள்ளைகள் வயலில்தான் இருந்தார்கள், அதிலும் பெண் பிள்ளைகள் அதிகம். கேட்டால் அழுது புலம்பவில்லை. அப்பா அம்மாவுக்குக் கை கொடுக்கிறோம் என்று பெருமையாகவே பலர் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இதைக் 'குழந்தைத் தொழிலாளர் கொடுமை' என்ற ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனசு வருவதில்லை. 2016இல் திருத்திய சட்டமே, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று வழி விட்டிருக்கிறது. பருத்திப் பூவுக்கு அந்தச் சட்டத்தின் 'பள்ளி நேரம்' தெரியாது.

பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பெண் 'படிக்கிறாள்'. தீபாவளி கழித்துத் திரும்பி வரும்போது வகுப்பு பின்னத்தில் இருக்கும், அவள் வகுத்தலையே பார்த்திருக்கமாட்டாள். பாடம் திரும்பி வராது. அடுத்த வருடமும் இதேதான், அதற்கு மேல் வேறொரு இடைவெளி. பதினைந்து வயதில் அவள் நின்றுவிட்டால் கல்யாணம் சீக்கிரம் வந்து நிற்கும். ஆந்திரா, தெலங்கானாவின் யங் லைவ்ஸ் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் ஆனவர்கள். பள்ளியைச் சீக்கிரம் விட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு பல மடங்கு.

இனி வகுப்புக்குள். என் மாலை வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பென்சிலைத் தாளில் பட்டும் படாமலும் வைத்து எழுதுவான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்தே தெரியும். 'அழுத்தி எழுதுடா' என்று இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தால், எல்லாப் பக்கத்திலும் அடியில் பழைய எழுத்தின் தடம். முழு நோட்டையும் ரப்பரால் அழித்து இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருக்கிறான். அழித்த இடமெல்லாம் தாள் பஞ்சு பஞ்சாக நைந்திருந்தது, அழுத்தினால் கிழிந்துவிடும். பள்ளியில் கொடுத்த நோட்டு பள்ளியிலேயே இருக்கிறது, மாலை வகுப்புக்கென்று தனி நோட்டு வீட்டில் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பதினைந்து ரூபாய் விஷயம். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றால், அதைச் சொல்வதற்குப் பதில் திட்டு வாங்குவது அவனுக்கு லேசாக இருந்திருக்கிறது.

இந்த வெட்கம் நாடு பார்ப்பதில்லை. எத்தியோப்பியாவில் யங் லைவ்ஸ் பிள்ளைகளோடு பேசியவர்களிடமும் கிழிந்த உடுப்பால் வருகிற வெட்கத்தைப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். கென்யாவில் இலவசச் சீருடை கொடுத்துப் பார்த்தபோது, முன்பு சீருடையே இல்லாத பிள்ளைகளின் வருகைதான் நன்றாகக் கூடியது. உத்தரப் பிரதேசத்தில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களிடம் புதிர்ப்பாதை போடச் சொன்ன சோதனை ஒன்று உண்டு. சாதியைச் சொல்லாதபோது எல்லாப் பையன்களும் ஏறக்குறைய சமமாகப் போட்டார்கள். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் மதிப்பெண் மட்டும் சரிந்தது. அதே பையன், அதே புதிர்.

அடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. அந்தச் சமயத்தில் யங் லைவ்ஸின் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, இந்தியாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், கடந்த ஒரு வாரத்தில் ஆசிரியர் யாரையாவது அடித்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அடி யாருக்கு விழும்? வீட்டுப்பாடம் செய்யாதவனுக்கு, லேட்டாக வந்தவனுக்கு, நோட்டு இல்லாதவனுக்கு. பட்டியலைப் பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

பெற்றோர் அக்கறை காட்டுவதில்லை என்ற புகார் அடுத்து வரும். விழுப்புரம், திருவண்ணாமலைக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடந்து 2013இல் வெளியான ஒரு சோதனையைச் சொல்கிறேன். கரும்புக்குப் பணம் வெட்டு முடிந்துதான் வரும். வெட்டுக்கு முன்னால் அடகு, கைமாற்று. வெட்டுக்குப் பிறகு கொஞ்சம் தாராளம். ஒரே ஆளுக்கு இரண்டு சமயத்திலும் புதிர் மாதிரிக் கேள்விகள் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன்னால் அதே ஆள் மோசமாகச் செய்தார். எவ்வளவு மோசம் என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் நடக்கிறது, போகட்டும். நாளைக்கு வட்டிக்காரன் வருவான் என்ற நினைப்பில் இருக்கிற அப்பாவிடம் பையனின் ரேங்க் கார்டை நீட்டினால் அது அவர் கண்ணில் படுமா என்பதுதான் எனக்கு வருகிற கேள்வி.

இத்தனையும் சொல்லிவிட்டுப் பள்ளியை விட்டுவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். 'ஏழை நாடு, என்ன செய்வது' என்று கையை விரிக்க முடியாதபடி வியட்நாம் குறுக்கே நிற்கிறது. ஐந்து வயதில் வியட்நாம் பிள்ளைகளுக்கும் மற்ற மூன்று நாட்டுப் பிள்ளைகளுக்கும் இருந்த இடைவெளி பெரிதில்லை. எட்டு வயதில் அது விரிந்துவிடுகிறது. அங்கே ஒரு வருடப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுப்பது, இந்தியாவிலோ பெருவிலோ ஒரு வருடம் கற்றுக்கொடுப்பதைவிட அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களுக்கு ஒரே மாதிரி வைக்கிற பிசா தேர்வில், 2012இல் வியட்நாம் கணக்கில் 511 வாங்கியது, பணக்கார நாடுகளின் சராசரியே 494தான். (அந்த வயதில் பள்ளியை விட்டுவிட்டவர்கள் தேர்வு எழுதவில்லை என்ற குறையையும் மறக்கக் கூடாது.) இங்கே பாடத்திட்டம் முன் வரிசைப் பிள்ளைகளின் வேகத்தில் ஓடுகிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு வாசிக்க, கணக்குப் போட வருகிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஏசர் கணக்கெடுப்பின் 2024 அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 27 சதவீதம்தான். ஆக, உங்கள் பையன் விதிவிலக்கு இல்லை. அவன் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அவனோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவனுக்கு என்ன செய்யலாம்? டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். பலகை தெரிகிறதா என்று கண்ணைச் சோதிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், நம் குழந்தைகளில் ரத்தசோகை அவ்வளவு சாதாரணம். அப்புறம் வகுப்பு ஆசிரியரிடம் தன்மையாகப் பேசி, எந்த மாதங்களில் அவன் வரவில்லை என்று கேளுங்கள். அந்த மாதம் தெரிந்தால் அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

வாசிக்க வைக்கும்போது மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்காதீர்கள். அவன் நிற்கிற இடத்திலிருந்து, எழுத்தும் இரண்டெழுத்துச் சொல்லுமாக, தினம் அரை மணி நேரம் போதும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இந்தியாவில் பல மாநிலங்களில் செய்து பார்த்தது இதைத்தான், பிள்ளையை வகுப்பைப் பார்த்துப் பிரிக்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிரிப்பது. நோட்டு, செருப்பு வாங்கித் தருவதென்றால் அவன் அம்மாவிடம் தனியாகக் கொடுங்கள். வகுப்பில் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் விசாரியுங்கள், வீட்டில் அவனுக்குத் தம்பியோ தங்கையோ இருக்கிறதா என்று. மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை இருந்தால், இவனுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அதன் முட்டைக்கும் பாலுக்கும் மாற்றிவிடுங்கள், அங்கன்வாடியில் எடை போடுகிறார்களா என்று கேளுங்கள். இரண்டு மூன்று படப் புத்தகம் வாங்கிப் பையன் கையில் கொடுத்து, தினமும் சாயங்காலம் அந்தக் குழந்தைக்குப் படத்தைக் காட்டி வாசித்துச் சொல்வது அவன் வேலை என்று சொல்லிவிடுங்கள். அவன் திக்கித் திக்கிப் படித்தால் கேலி செய்யத் தெரியாத ஒரே ஆள் அந்த வீட்டில் அதுதான்.